எங்கள் பிஸ்கட் அப்படி இல்லை

என் அண்ணி ஆர்டித்துக்கு வாய் அதிகம். ஓநாய்க் கலப்பு நாயை எங்கள் காப்பகத்து வாசலில் இறக்கிவிட்டு அழுகிறவர்களைப் பார்த்தால் அது இன்னும் நீளும். குட்டியாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள். 'இடி', 'நிழல்', 'ராட்சசன்' என்று பேரும் வைத்திருப்பார்கள். வளர்ந்து சோபாவின் பஞ்சை உருவி, வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு ஆட்டையும் பிடித்த பிறகுதான் நாங்கள் ஞாபகத்துக்கு வருவோம். "எங்ககிட்ட அது அப்படி இல்லீங்க, ரொம்ப சாது" என்று தவறாமல் சொல்வார்கள். கார் கிளம்பியதும் அண்ணி அதே குரலில் சொல்லிக் காட்டுவார். "எங்க வீட்டு ஓநாய் அப்படி இல்லீங்க, சைவம்!" நானும் என் அண்ணன் லாயிடும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்புறம் அந்தப் பழைய பேரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு பேரை எடுத்து வைப்பார். பட்டாணி, ஜாம், பிஸ்கட். வந்த அன்றே ராட்சசன் உருளைக்கிழங்கு ஆகிவிட்டான்.

அண்ணி கொலராடோவின் இந்த மலைச் சாலைகளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஓநாய்க் கலப்பு ஒன்றைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அந்த வீட்டுக்காரனோடு சண்டை போட்டு, காலி பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு வேலை போகாதது அதிசயம். அதற்குப் பிறகு மலைச்சரிவு முழுக்கக் கூண்டுகள் ஆகிவிட்டன. லாயிடுக்கு இறைச்சி வேலை: கடைகளில் விற்காமல் போனது, சாலையில் வண்டியில் அடிபட்ட மான், எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு வேலி.

எங்களிடம் மீறக்கூடாத விதிகள் சில உண்டு. அதில் பெரியது குளிர்கால விதி. பனி விழத் தொடங்கியதிலிருந்து புல் தலைகாட்டும் வரை, ஆண் இருக்கிற கூண்டுக்குள் யாரும் போகக்கூடாது. கோடையில் மடியில் தலை வைத்துப் படுத்தவன் ஜனவரியில் வேறு ஆள். விதை எடுத்த ஆணுக்கும் அந்த மாதங்களில் ரத்தம் மாறும். தன் ஜோடியை நெருங்குகிற எவரையும் அவன் பொறுக்க மாட்டான். விதியைப் போட்டவர் அண்ணிதான். உதவி செய்ய வந்து அதை மீறியவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார், அழுதாலும் விடமாட்டார்.

பிஸ்கட்டை மட்டும் அண்ணி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் பழைய கம்பளியில் தூங்கிய குட்டி. வளர்ந்து ஜாம் என்ற பெட்டையோடு மேட்டுக் கூண்டில் இருந்தான். சனிக்கிழமைதோறும் அவர்களைப் பார்க்கவென்றே வருவாள் மரிசெலா. ஊரில் சலூன் வைத்திருக்கிறாள். பாதி ஊருக்கு முடி வெட்டுகிறவள் அவள்தான். எனக்கும்.

அந்த ஜனவரியில் ஜாம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பாதத்தின் இடுக்கில் பனிக்கட்டி இறுகிக் கீறியிருந்தது. கால்நடை மருத்துவர் மறுநாள்தான் வர முடியும் என்றார். மறுநாள்வரை பொறுத்திருக்கலாம்.

"வா மரிசெலா, நீ ஜாமைப் பிடிச்சுக்க. நான் மருந்தைத் தடவிடுறேன். ஒரு நிமிஷ வேலை" என்றார் அண்ணி.

நான் பக்கத்துக் கூண்டில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணி, ஜனவரி" என்றேன்.

"ஜனவரின்னு எனக்குத் தெரியாதா? எங்க பிஸ்கட் அப்படி இல்லடா."

தான் சொன்னது அவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. ஆனாலும் கம்பியைத்தான் முறுக்கினேன், அவரிடம் வாய் கொடுத்து யார் ஜெயித்திருக்கிறார்கள்?

இரட்டைக் கதவைத் தாண்டி இருவரும் உள்ளே போனார்கள். மரிசெலா ஜாமின் கழுத்தை அணைத்துக் குனிந்தாள். பிஸ்கட் உறுமக்கூட இல்லை. வந்தான், அவள் வலக்கையைக் கவ்வினான், விட்டான், விலகி நின்றான். ஒரே கடி. என் ஜோடியைத் தொடாதே என்றான், அவ்வளவுதான்.

வண்டியை அண்ணி ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து மரிசெலாவின் கையைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தேன். ஊர் எல்லைக்குப் பக்கத்தில் வந்தபோது அண்ணி மெதுவாகச் சொன்னார்: "கடின்னு சொன்னா டாக்டர் எழுதித்தான் ஆகணும். எழுதினா பிஸ்கட்டோட தலை பரிசோதனைக்குப் போகும்."

எங்கள் பக்கத்துச் சட்டம் அப்படி. நாய் கடித்தால் பத்து நாள் அடைத்து வைத்துப் பார்ப்பார்கள். ஓநாய் ரத்தம் கலந்திருந்தால் அந்தப் பத்து நாள் கிடையாது. வெறிநோய்க்கு ஊசி போட்டிருந்தாலும், ஓநாய்க் கலப்புக்கு அந்த ஊசியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கொன்று மூளையைப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

சொல்லாதே என்று அண்ணி கேட்கவில்லை. அந்தப் பேச்சோடு நிறுத்திக்கொண்டார். மீதியை மரிசெலாவே முடித்தாள். "கதவுத் தகரம் கிழிச்சிடுச்சுன்னு சொல்றேன், விடு. அவனைப் போய்க் கொல்லுவாங்களா?"

டாக்டர் இளைஞர், நல்ல கைக்காரர். தகரம்தானே என்று சுத்தம் செய்து, ஆழமான இடங்களை அழகாகத் தைத்துவிட்டார். கடி என்று தெரிந்திருந்தால் தைத்து மூடியிருக்க மாட்டார். பல்லோடு உள்ளே போன அழுக்கு வெளியே வர வழி விட்டுத் திறந்தே வைத்திருப்பார். அது அண்ணிக்குத் தெரியும். எங்கள் கூண்டுகளில் அந்த மாதிரிக் காயம் எத்தனை பார்த்திருக்கிறார்! ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சாப்பிடவில்லை. லாயிட் சூப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "போய்ச் சொல்லிடேன்" என்றார்.

"சொன்னா அவனைக் கொன்னுடுவாங்க."

"சொல்லலைன்னா?"

அண்ணி எழுந்து மேட்டுக் கூண்டுக்குப் போய்விட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பிஸ்கட். எப்போதும்போல வந்து கம்பியில் உடம்பைத் தேய்த்தான். அவனைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

மறுநாள் போனில் மரிசெலா, "கொஞ்சம் வீங்கியிருக்கு, பரவாயில்ல" என்றாள். அதற்கடுத்த நாள் போனை எடுக்கவே இல்லை. அண்ணியும் நானும் சலூனுக்கு ஓடினோம். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் அவளே சாய்ந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. சிவப்புக் கோடு ஒன்று முழங்கை தாண்டி ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் "கதவு, கதவு" என்று முனகினாள், பிஸ்கட்டுக்காகக் காய்ச்சலிலும் பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே அண்ணி வண்டி ஓட்டினார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டாக்டர் வந்ததும் அண்ணி முந்திக்கொண்டார். "கடிங்க. கதவெல்லாம் பொய். ஓநாய்க் கலப்பு. என்னோடது. பேரு பிஸ்கட்."

பேரை யாரும் கேட்கவில்லை.

தையலைப் பிரித்தார்கள், கையைத் திறந்து கழுவினார்கள். உயிர் பிழைத்தது, கையும் பிழைத்தது. இரண்டு விரல்கள் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள்.

மாவட்ட விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வர்ஜில் வந்தார். எங்களுக்குப் பல வருடம் பழக்கம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார். "நாய்னு எழுதிடுங்க வர்ஜில், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று லாயிட் கெஞ்சினார்.

"சாலையில நீங்களே பெரிய எழுத்துல ஓநாய்னு போர்டு வச்சிருக்கீங்களே லாயிட். நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் போர்டை எழுதியவர் அண்ணி. பிஸ்கட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டதும் அவரேதான். ஊசி போட்டதும் அவன் அவர் கையை நக்கினான், அதோடு சரி. ஜாம் ஊளையிட்டது. மற்றக் கூண்டுகளும் சேர்ந்துகொண்டன. பரிசோதனை முடிவு வந்தது: நோய் எதுவும் இல்லை. அது எங்களுக்கு முன்பே தெரியும், வர்ஜிலுக்கும் தெரியும்.

அந்த மாதம் ஒரு குடும்பம் ஒரு கலப்பை இறக்கிவிட்டு, எங்ககிட்ட அது அப்படி இல்லீங்க என்று அழுதது. கார் போனதும் லாயிட் பழக்கத்தில் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அன்று வந்தவனுக்குப் பேரை நான்தான் வைத்தேன்.

புல் முளைத்த பிறகு ஒரு சனிக்கிழமை மரிசெலா வந்தாள். சலூனில் இப்போது அவள் அக்கா மகள் வெட்டுகிறாள், இவள் தலை அலசிவிடுகிறாள். எனக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராக ஜாமின் கூண்டுக்குப் போய் நின்றாள். அண்ணி இறைச்சி வாளியோடு பின்னால் போனார். வேலி வேலை இருப்பதுபோல நானும் போனேன்.

"மரிசெலா, என்னை மன்னிச்சிடு" என்றார் அண்ணி.

"எதுக்கு? முதல் நாள் வாயை மூடிக்கிட்டு நின்னதுக்கா? இல்ல, அப்புறம் போய்ச் சொன்னதுக்கா?"

அண்ணி வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"முன்னதுன்னா என் கை. பின்னதுன்னா அவன் உயிரு. ரெண்டுக்கும் ஒரே மன்னிப்புன்னு என்கிட்ட வராதே. நான் பொய் சொன்னது அவனுக்காக. நீ அதை ஒரே வார்த்தையில உடைச்சுட்டே."

"நீ செத்திருப்பேடி."

"செத்திருப்பேன்தான். அதனாலதான் உன்மேல முழுசாக் கோவப்படவும் முடியல. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு."

அண்ணி வாளியைக் கீழே வைத்தார். கூண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன்னை உள்ள கூப்பிட்டேன் பாரு, அதுக்கு. இவன் ஜனவரின்னு சொன்னான். மறுநாள் டாக்டர் வர்றதா இருந்தாரு. எங்க பிஸ்கட் அப்படி இல்லன்னு சொல்லிக் கதவைத் திறந்தேன். பிஸ்கட் அப்படித்தான் மரிசெலா. எல்லாரையும் மாதிரி அவனும் அப்படித்தான். அவன் ஒரு தப்பும் பண்ணல. அவனைக் கொன்னது சட்டம் இல்ல, நான்தான். உன் விரலையும் நான்தான்."

மரிசெலா வலக்கையைக் கம்பியில் வைத்தாள்.

"இதை அன்னைக்கே வண்டியில சொல்லியிருக்கணும் நீ" என்றாள்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. குனிந்து வாளியை இடக்கையால் தூக்கினாள். கனம் தாங்காமல் அது சாய்ந்து, இறைச்சித் துண்டு ஒன்று புல்லில் விழுந்தது. அண்ணி கையை நீட்டினார்.

"தொடாதே" என்றாள் மரிசெலா.

அண்ணி கையை இழுத்துக்கொண்டார்.