கறுக்காத செம்பு

என் சித்தி பெண் காமுவுக்கு முப்பத்திரண்டு வயதில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: ரிப்பேர் மேஜையில் உட்கார வேண்டும். ஹார்டுவேர் டிப்ளமோ வாங்கியிருந்தாள். கல்கத்தாவில், பெஹாலா பக்கம் திருவேங்கடம் நடத்திய கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருஷமாக வேலையும் பார்த்தாள். ஆனால் அவளுக்குக் கொடுத்தது டெலிபோன். "பொம்மனாட்டிக்கு எதுக்கும்மா ஸ்க்ரூ டிரைவர்?" என்பார் திருவேங்கடம். அதை அன்பாகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

2003 துர்கா பூஜை சீசனில், பக்கவாட்டில் கண்ணாடி வைத்த ஆறு கம்ப்யூட்டர்களைக் கடை வாசலில் அடுக்கினார்கள். உள்ளே பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியே விடும் செப்பு ஹீட்சிங்க் பளபளவென்று தெரியும். அதற்காகத்தான் கண்ணாடியே. கல்கத்தாவின் ஈரக்காற்றில் அது சீக்கிரமே பழைய காலணா மாதிரி ஆகிவிட்டது. "புரோனோ மால் நாகி, தாதா?" பழைய சரக்கா என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் நடையைக் கட்டினார்கள்.

ரிப்பேர் மேஜையில் இருந்த மகேஷ் கையை விரித்தான்.

"நான் பார்க்கறேன்," என்றாள் காமு. "கறுக்காம இருந்தா எனக்கும் மேஜை வேணும்."

"பார்க்கலாம்," என்றார் திருவேங்கடம். அவர் அப்படிச் சொன்னால் நடக்காது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

செம்பு என்றதும் நம்மவர்களுக்குக் கை தானாகப் புளிக்குப் போகும். காமுவும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். காலையில் தங்கமாக மின்னியது. தகடுகளின் இடுக்கில் புளி தங்கிவிட்டதால் சாயங்காலத்துக்குள் முன்னைவிடக் கறுத்துப்போனது.

"ரசம் வாசனை வரதே," என்றான் மகேஷ்.

அன்று அவள் பாத்ரூமில் போய் அழுதாள். அவளே சொன்னது, நானாகச் சேர்க்கவில்லை.

மறுநாள் மறுபடி தேய்த்தாள். இந்தத் தடவை இடுக்கில் புளி துளியும் தங்காமல் சோப்புத் தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் காய வைத்து, ஸ்பிரிட்டால் துடைத்தாள். விரல் ரேகை பட்டாலும் கறுக்கும் என்று கையுறை போட்டுக்கொண்டு, நிறமில்லாத வார்னிஷை மெல்லிசாக ஸ்ப்ரே செய்தாள். பிராசஸரைத் தொடும் அடிப்பக்கத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்தாள். அங்கே வார்னிஷ் பட்டால் சூடு சரியாக இறங்காது.

செம்பு கறுக்கவில்லை. காளி பூஜைக்குள் ஆறும் விற்றுப்போயின. மேஜையைப் பற்றித் திருவேங்கடம் மூச்சே விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் பையோடு வந்தார். உள்ளே அவர் வீட்டுப் பூஜைச் செம்புகள் நாலு.

"ராஜம் குடுத்தனுப்பினா. நீதான் நன்னாத் தேய்க்கறியே, இதையும் பண்ணிடு."

மகேஷ் சிரித்தான். காமு சிரிக்கவில்லை. ஒரு ஜாப் கார்டை எடுத்தாள். கார்டு எழுதாமல் கடையில் யாரும் எந்தப் பொருளையும் தொடக் கூடாது; கார்டில் டெக்னீஷியன் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். திருவேங்கடமே போட்ட சட்டம். எழுதினாள். பொருள்: செம்பு, நான்கு. கோளாறு: கறுப்பு. டெக்னீஷியன்: காமாட்சி.

"கையெழுத்துப் போடுங்கோ மாமா."

அவர் கார்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். செம்பைத் தேய்க்காமல் திருப்பிக் கொண்டுபோனால் மனைவி ராஜம் என்ன சொல்வாள் என்று யோசித்திருக்க வேண்டும். போட்டார்.

காமு பையைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் மேஜைக்குப் போனாள்.

"மகேஷ், கொஞ்சம் நகரு."