நயேலிக்குப் பொன்னாடை போர்த்தப் போன கதை

அமெரிக்கப் பாடகி நயேலி குரோவின் நிகழ்ச்சிக்கு நான் போனேன் என்றால் டென்மார்க்கில் உள்ள தமிழரில் அரைவாசிப் பேர் நம்பமாட்டார்கள். மற்ற அரைவாசி, அங்கே பாடியதே நான்தான் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தச் செய்தியைப் பரப்பியதும் நான்தான். ஆகவே உண்மையில் நடந்ததை எழுதிவைப்பது என் கடமை. கொப்பன்ஹேகனுக்கு இப்படியொரு நிகழ்ச்சி பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

போன ஜூன் மாதம். கோல்டிங்கில் இருக்கும் என் தம்பியின் மகள் சிந்து, தோழியோடு போவதற்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். தோழிக்குக் காய்ச்சல். தம்பிக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. "பிள்ளை ரயில்ல தனியப் போகும்தானே" என்றான். யாரும் கேட்காமலே நான் முன்வந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆபத்து என்றால் முதலில் ஓடிவருவது நான்தான். பல நேரங்களில் ஆபத்தும் என்னோடுதான் வந்து சேரும்.

நயேலியைத் தெரியாதவர்களுக்கு: தாய் மெக்சிகோ, தகப்பன் டென்னஸி. தகப்பன் வழியில் கன்ட்ரி கிட்டார், தாய் வழியில் அக்கோர்டியன். ஒரு வரி ஸ்பானிஷ், அடுத்த வரி ஆங்கிலம். பாட்டை எழுதுவதும் அவரே, பாடுவதும் அவரே. டிக்கெட் ஒன்று 495 குரோணர். அந்த விலைக்குள், நிகழ்ச்சி முடிந்ததும் வரிசையில் நின்று பாடகியோடு ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம். இந்த ஒரு நிமிடத்தைச் சிந்து தொலைபேசியில் சொன்னதுமே என் தலைக்குள் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு கலைஞரைச் சந்திக்கத் தமிழன் வெறுங்கையோடு போகலாமா? பிராண்டேயில் எங்கள் சங்கத்துக்கு நான் பதினொரு வருடத் தலைவர். என் அலுமாரியில் பொன்னாடைகள் ஒரு சிறிய அரசாங்கம் நடத்துகின்றன. எங்கள் பொன்னாடைகள் ஓய்வு பெறுவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஹேர்னிங்கில் எனக்குப் போர்த்தியதை நான் வைலயில் ஒரு நாதஸ்வர வித்துவானுக்குப் போர்த்துவேன். அவர் ஓகூஸில் இன்னொருவருக்குப் போர்த்துவார். அவற்றில் சரிகை மங்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பூச்சி உருண்டை வாசம் போக இரண்டு நாள் வெளியில் காயவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டரைக்குப் பிராண்டேயில் இருந்து புறப்பட்டேன். கோல்டிங் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், ஐம்பது நிமிட ஓட்டம். சிந்து வாசலிலேயே நின்றாள். வயது இருபத்துநான்கு, பாலர் பள்ளியில் வேலை, மீதி நேரமெல்லாம் கிட்டார். அங்கிருந்து கொப்பன்ஹேகன் 210 கிலோமீட்டர். ஃபூன் தீவுக்குப் போகும் முதல் பாலத்துக்குக் காசு இல்லை. அடுத்த பெரிய பாலம் பதினெட்டுக் கிலோமீட்டர் நீளம். அதற்குப் போக மட்டும் 250 குரோணருக்கு மேலே வாங்குவார்கள். அந்தக் காசுக்குக் கடலையும் சேர்த்துத் தரலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். அன்றும் சொன்னேன். சிந்து சிரிக்கவில்லை.

"பெரியப்பா, நான் ஒண்டு சொல்லிப் பாக்கட்டா? சிரிக்கக் கூடாது."

"நான் எப்ப பிள்ளை சிரிச்சனான்?"

"நெடுகலும்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அவளும் ஒரு பாட்டு எழுதியிருக்கிறாள். சரணமெல்லாம் டேனிஷ், பல்லவி தமிழ். பாட்டே தாயைப் பற்றியது. வீட்டில் தாயிடம் ஒருநாளும் சொல்ல முடியாததையெல்லாம் டேனிஷில் எழுதியிருக்கிறாள். தாயின் டேனிஷ் வேலைக்கும் கடைக்கும் போதும், பாட்டுக்குப் போதாது. கோல்டிங் இசைப் பள்ளியின் இலையுதிர்கால மேடையில் இந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாடுவதா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தாயும் முன்வரிசையில் வந்து இருப்பா. பல்லவி வரும்போது கை தட்டுவா. மீதியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே தட்டுவா.

"அம்மாவுக்கு முதலே விளங்கப்படுத்தோணுமா, இல்லாட்டி அப்பிடியே விடோணுமா? அதத்தான் நயேலியிட்டக் கேக்கப் போறன். அவவின்ர அம்மாவுக்கும் இங்கிலீஷ் பெரிசா வராதாம். அவ என்ன செய்தவ எண்டு தெரியோணும்."

பாலத்தின் நடுவில் தொடங்கி, கோசோர் தாண்டி, ரிங்ஸ்ரெட் வரைக்கும் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாற்பது விநாடிக்குள் அடக்கினாள். "பதிலுக்கு இருபது விநாடி" என்றாள். நான் தலையாட்டினேன். தலை ஆடியது சிந்துவுக்கு, தலைக்குள் ஓடியது என் வரவேற்புரை.

காரை நகருக்குள் கொண்டுபோகாதீர்கள். நான் புரொண்பியில், ஒரு கூட்டாளியின் தெருவில் நிறுத்தினேன். வந்ததை அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தேத்தண்ணி என்று தொடங்கி ஆட்டிறைச்சிக் கறியில் முடித்து, நிகழ்ச்சியைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்திருப்பான். அங்கிருந்து எஸ்-டொக் ரயிலில் கால் மணித்தியாலத்தில் நகரம்.

நிகழ்ச்சி மூன்று மணி என்றால் மூன்று மணிதான். குத்துவிளக்கு இல்லை, வரவேற்பு நடனம் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. ஒரு பெண் கிட்டாரோடு வந்து நின்றார், பாடினார். எனக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அந்த அக்கோர்டியன் எழும்பியபோது என் முழங்கால் வலி மெக்சிகோவுக்கே ஓடிப்போனது. ஒரு பாட்டில் ஸ்பானிஷ் வரி வந்ததும் மண்டபத்தின் இடதுபக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த ஆங்கில வரிக்கு அதே ஆட்கள் பேசாமல் இருக்க, வலதுபக்கம் கண்ணைத் துடைத்தது.

"பெரியப்பா, அங்க பாருங்கோ, அந்த அன்ரி" என்று சிந்து என் கையைப் பிடித்தாள். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண்மணி. ஸ்பானிஷ் வரிகளை எல்லாம் சத்தமாகச் சேர்ந்து பாடுகிறார். ஆங்கிலம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, பாடகியின் முகத்தையே பார்க்கிறார். நிகழ்ச்சி முடியும்வரை சிந்து மேடையைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தாள்.

பிறகு வரிசை. வாசலில் நின்ற நெட்டைப் பொடியன் ஒருவன் கையில் மணிக்கூட்டை வைத்து ஆட்களை விட்டான். நாங்கள் இருவரும் ஒன்றாக வந்ததால் எங்களுக்குச் சேர்த்தே ஒரு தவணை என்று அவன் முடிவு செய்தான். நான் மறுக்கவில்லை. எங்கள் முறை வந்தது. சிந்து வாயைத் திறந்தாள். நான் பையைத் திறந்தேன்.

பச்சைக் கரையும் சரிகையுமாகப் பொன்னாடை விரிந்தது. முதலில் நயேலி பயந்துவிட்டார். பிறகு விளங்கித் தலையைக் குனிந்தார். நான் போர்த்தினேன். போர்த்திவிட்டுச் சும்மா வர முடியுமா? ஈராயிரம் ஆண்டுத் தமிழின் சார்பாகவும், நாங்கள் வாழும் ஜூட்லாந்துப் பக்கத்து மக்கள் சார்பாகவும் என் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினேன். நாலு வார்த்தை என்றால் உங்களுக்குத் தெரியும்தானே.

"சிந்து, எடு! படம் எடு! நெடுக்க இல்லை, குறுக்க!"

சிந்து எடுத்தாள். நயேலி நல்ல மனுஷி. பொன்னாடையைத் தடவிப் பார்த்தவர், சிந்துவின் பக்கம் திரும்பி, "நீங்களும் பாடுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுகூட ஐந்தாறு விநாடி மிச்சம் இருந்திருக்கும். அதற்கும் நானே பதில் சொன்னேன். ஜூட்லாந்து முழுவதிலும் இவளைப் போலப் பாட ஆளில்லை, ஒருநாள் உங்களையே வெல்லுவாள் என்றேன். நயேலி சிரித்தார். சிந்துவும் சிரித்தாள், கையில் போனோடு. நெட்டைப் பொடியன் "தாக்" என்று நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வெளியே வந்ததும் படத்தை எனக்கு அனுப்பினாள். "நல்லா வந்திருக்கு பெரியப்பா." ரயிலுக்குள் ஏறும்வரை நான் வெற்றிவீரன். நான்கு பேருக்குப் படத்தை அனுப்பியும் விட்டேன். புரொண்பியில் காரை எடுத்தபோதுதான், இந்தப் பிள்ளை நெடுநேரமாகக் கதைக்கவில்லை என்பது உறைத்தது.

"நீ அதைக் கேட்டனியே?"

"எப்ப கேக்கிறது?"

பிறகு எல்லாவற்றுக்கும் டேனிஷில் பதில் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் டேனிஷுக்கு மாறினால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். பரவாயில்லை என்றாள், களைப்பாக இருக்கு என்றாள், எல்லாம் டேனிஷ்தான். ஃபூனில் பெற்றோலுக்கு நிறுத்தினேன். போகவர எரிபொருள் ஏறக்குறைய 450 குரோணர். திரும்பி வந்து உட்கார்ந்து, என்னால் முடிந்த அளவு சின்னக் குரலில் கேட்டேன்:

"அந்தப் பாட்டை எனக்கெண்டாலும் ஒருக்காப் பாடிக் காட்டன், பிள்ளை."

அவள் தமிழுக்குத் திரும்பினாள். "பாடினா நீங்கள் மேடை போட்டிருவியள், பெரியப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் திருப்பி ஒன்று சொல்லித் தப்பியிருப்பேன்.

இரவு ஒன்பது மணிபோலக் கோல்டிங். ஜூன் மாதம் என்றபடியால் வெயில் இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் தம்பி வேறு ஏதோ காரியமாகத் தொலைபேசி எடுத்தவன், இடையில் சொன்னான்: "சிந்து ஏதோ பாட்டு ஒண்டு பாடுறதெண்டு இருந்தவளாம். வேண்டாமெண்டு எழுதிப்போட்டாளாம். எங்களுக்கெண்டா ஒண்டும் தெரியாது." எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இந்த வாய் வராமல் போனது அதுதான் முதல் தரம்.

நயேலி என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. பதில் ஒன்றும் இல்லாமல் சிரித்திருக்கவும் கூடும். ஆனால் அதைக் கேட்டுவிட்டுச் சிந்து முடிவெடுத்திருந்தால் அது அவள் எடுத்த முடிவு. இப்போது அதில் பாதி என்னுடையது.

போகிறவர்களுக்கு என் ஆலோசனை: ஜூட்லாந்தில் இருந்து காரில் போவதானால் விடியவே புறப்படுங்கள். பாலத்துக்கும் எண்ணெய்க்கும் ஆயிரம் குரோணர் ஒதுக்குங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகளோடு வரிசையில் நின்றால், ஒன்றாக வரவில்லை என்று சொல்லி இரண்டு தவணையாகப் பிரியுங்கள். அது முடியாவிட்டால் பிள்ளையின் போனை நீங்கள் வாங்கி, ஓரடி பின்னுக்கு நில்லுங்கள். படம் நெடுக்க வந்தாலும் குறுக்க வந்தாலும் பரவாயில்லை.

இதை எழுதட்டுமா என்று சிந்துவிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, "எழுதுங்கோ, ஆனா என்ர பேரை மாத்துங்கோ" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

நயேலி இன்னும் சில மாதங்கள் ஐரோப்பாவில்தான் பாடிக்கொண்டிருப்பாராம். அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்களில் யாருக்காவது சொந்தமாகக் கேட்க ஒன்றும் இல்லையென்றால், தாய்க்கு விளங்காத அந்தப் பாதியை என்ன செய்தார் என்று கேளுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம். கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். சிந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள். நான் ஒரு கருத்தும் சொல்லமாட்டேன்.