எட்டுச்செலவு அன்று பேசிய முன்னாள் சனாதிபதி

நீங்கள் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதியான உங்களிடம் கனடாவின் ஸ்காபரோவில் ஒருவன் தமிழில் எழுதுவது வந்து சேராது. சேராவிட்டாலும் எழுதுகிறேன்.

அக்காவின் மகன் உங்கள் நாட்டில் பிறந்தவன். அத்தான் இறந்ததும் அக்கா எங்களோடு இருக்க இங்கே அஜின்கோர்ட்டுக்கு வந்தார். அவன் அமெரிக்காவிலேயே நின்று இராணுவத்தில் சேர்ந்தான். இப்போதைய சனாதிபதி தொடங்கிய போருக்குப் போனான். அக்காவிடம் பெட்டியில் வந்தான்.

தகனம் முடிந்து எட்டாம் நாள் எட்டுச்செலவு. இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் வழக்கம். வயதானவர்களுக்கென்றால் மீன்குழம்பு, கூழ் என்று போகும். இவனுக்குக் கொத்துரொட்டியும் பீட்சாவும் வாங்கினோம். வாழையிலையில் பீட்சாவை எப்படி வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"பெட்டியோட வைக்கட்டே?" என்று என் மனைவி கேட்டாள்.

"பெட்டி வேண்டாம்" என்றார் அக்கா.

அக்கா தானே துண்டு துண்டாக எடுத்து வைத்தார். "கரை சாப்பிடமாட்டான்" என்று ஓரங்களைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நீங்கள் தொலைக்காட்சியில் வந்தீர்கள். நாள் முழுக்கச் செய்தி பார்க்கும் பக்கத்து வீட்டு அங்கிள் சத்தத்தைக் கூட்டினார்.

"பிள்ளை, முன்னாள் சனாதிபதி கதைக்கிறார். உந்தச் சண்டை பிழையாம். இவருக்கு முந்தி இருந்தவரும் நேற்று இதைத்தான் சொன்னவர். ரெண்டு பேரும் வேற வேற கட்சி, பாத்தியளே."

"பிழை எண்டு எப்ப தெரியுமாம்?" அக்கா கேட்டார்.

"துடக்கத்திலேயே தெரியுமாம். கதிரையில இருக்கிற ஆளைப் பற்றிப் பழைய ஆக்கள் வெளியில கதைக்கிறது அழகில்லையாம். அதுதான் மரியாதைக்குப் பேசாமல் இருந்தவராம்."

அக்கா கையிலிருந்த கரைத்துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவர் முன்னாள் சனாதிபதி. அப்ப நான் முன்னாள் அம்மாவோ, அங்கிள்?"

அங்கிள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலில் ஆட்டிறைச்சி காணாது என்றாலே, பழைய தலைவர் மைக்கைப் பறித்துப் புதிய தலைவரை அந்த இடத்திலேயே ஏசுவார். நாகரிகம் தெரியாத மனிதர் என்று நாங்கள் சிரிப்போம். அவர் இறைச்சிக்காவது நேரத்துக்குப் பேசினார், ஐயா.

அதே கமராக்களுக்கு முன்னால் திரும்பவும் வாருங்கள். எங்கள் பிள்ளை விமானம் ஏற முதலே இது பிழை என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? தெரிந்திருந்தால், யாருடைய மரியாதைக்கு அவனைக் கொடுத்தீர்கள்? எல்லோருக்கும் கேட்கும்படி அக்காவுக்குப் பதில் சொல்லுங்கள்.