பெட்டி மேல் மடித்து வைத்த சட்டை

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அத்தோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அம்மன் பார்த்துக்கொண்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கடலோரம், வைத்திக்குப்பம். சேதராப்பட்டில் ஸ்கேன் மருந்து செய்யும் கம்பெனியில் டிரைவர். புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் மருந்து. கதிர் வீசும். ஈயப் பெட்டியில்தான் வைப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பாதி வீரியம் போய்விடும். அதனால் விடியற்காலையில் செய்து, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எங்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் இருக்கும். நம் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அதில் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பார்கள்.

என் பேட்ஜில் அளவு மிக அதிகம் என்று வந்தது.

பாதுகாப்பு பார்க்கும் மேடம் கூப்பிட்டு விசாரித்தார். பெட்டியைத் திறந்தேனா, அதன் மேல் உட்கார்ந்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். காரணம் தெரியும்வரை வண்டி எடுக்க வேண்டாம், ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். கதிர் என்றாலே ஓடுவார்கள். டிரைவர் இரண்டே பேர். நான் நின்றதும் ஒருவர். மருந்தைப் பெட்டியில் வைத்துக் கட்டவும் ஆள் இல்லை. என் மனைவியின் தம்பி சேகரையும் அவன் கூட்டாளியையும் அந்த வேலைக்கு நான்தான் சொல்லி வைத்திருந்தேன். விஷயம் தெரிந்ததும் சேகர் வந்தான்.

"நீயே இப்டி ஆயிட்ட மாமா. எனக்கு வலையே போதும்" என்றான்.

மீன் விற்கும் இடத்தில் ஒரு அம்மா, என்னைத் தொட்டால் பல்பு எரியுமாமே என்று கேட்டது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி மலர் சிரிக்கவில்லை. குழந்தையை என் பக்கத்தில் படுக்க விடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வியாழக்கிழமை இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சல். மருந்து போகவில்லை. வெறும் வயிற்றோடு காத்திருந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். சேதராப்பட்டிலிருந்து டவுனுக்கு வரும் வழியில் ஒரு அம்மன் கோயில் உண்டு. வண்டி ஓட்டின நாளெல்லாம் அங்கே இறங்கிக் கும்பிட்டவன் நான். "நான் என்னா தப்பு பண்ணேன், காட்டு தாயே" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

சட்டையோடு அம்மன் முன்னால் நிற்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கழற்றினேன். வைக்க இடம் தேடினேன். எப்போதும் வைக்கிற இடம் அன்றைக்கு இல்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

எப்போதும் வைக்கிற இடம் ஈயப் பெட்டி. பேட்ஜோடு சேர்த்துச் சட்டையை அதன் மேல்தான் மடித்து வைப்பேன். யூனிஃபார்மில் குங்குமம் படக்கூடாது என்று ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் பனியனோடுதான் ஓட்டுவேன். நான் முன்னால் இருந்தேன். பேட்ஜ் பின்னால் பெட்டி மேல் இருந்தது. ஈயத்தைத் தாண்டி வரும் கொஞ்சக் கதிரை அதுதான் வாங்கியிருக்க வேண்டும், நான் இல்லை.

சொன்னால் வேலை போகலாம். மருந்து இருக்கும்போது வழியில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது என்பது கம்பெனி சட்டம். சொல்லாவிட்டால் ஒருத்தனும் அந்த வேலைக்கு வரமாட்டான். கற்பூரம் அணையும் முன்னே முடிவு செய்துவிட்டேன். நேரே கம்பெனிக்குப் போனேன்.

மேடம் முழுக்கக் கேட்டார்.

"ஏண்ணா, அன்னைக்கே இத சொல்லல?"

"சாமி கும்புடறதுல தப்பு இருக்கும்னு தோணல மேடம்."

திட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு பேட்ஜைப் பெட்டி மேலும் ஒன்றை டிரைவர் சீட்டிலும் வைத்துச் சில நாள் வண்டியை ஓட்டவைத்துப் பார்த்தார். பெட்டி மேல் இருந்தது ஏறியிருந்தது. சீட்டில் இருந்தது ஏறவே இல்லை என்று சொல்லலாம். என் ரத்தமும் சரியாக இருந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மறுபடி பயிற்சிக்கு உட்காரவைத்தார்கள். அப்புறம் சாவி கைக்கு வந்தது.

"அம்மனப் பாக்கப் போங்கண்ணா. காலி வண்டியில போங்க" என்றார் மேடம்.

சேகரைக் கூட்டிப்போய் இரண்டு பேட்ஜின் அளவையும் மேடத்திடம் காட்டச் சொன்னேன். ஆவணியில் அவனும் கூட்டாளியும் சேர்ந்தார்கள். இப்போது அவன் கட்டும் பெட்டியைத்தான் நான் ஏற்றுகிறேன். ரத்தம் சரி என்று வந்த அன்றைக்கு மலர் குழந்தையைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டாள்.

அதற்குப் பிறகு மருந்தோடு எங்கேயும் நிறுத்தியதில்லை. கோயிலைத் தாண்டும்போது மனசில் கும்பிடுகிறேன். திரும்பி வரும்போது இறங்குகிறேன்.

உங்களுக்கும் கஷ்டம் வரும். அவளிடம் கேளுங்கள். நான் கேட்டதற்கு என் தப்பைத்தான் காட்டினாள். உங்களுக்கும் அப்படிக் காட்டினால் மறைக்காமல், சொல்ல வேண்டிய இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே வருவாள். எனக்கு வந்தாள்.