மஞ்சள் வட்டத்தில் நிறுத்தினேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தமிழானாலும் மலையாளமானாலும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இருந்தாலும் கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் சொந்த உழைப்பில் இடம் வாங்கி டீக்கடை போட்டேன். கொரோனாவுக்கு அடைத்த கடைகளைத் திறக்கச் சொன்னபோது, என்னைப்போல் ஒழுங்காகத் திறந்தவன் இந்தச் சாலையில் கிடையாது. வாசலில் வாளியும் சோப்பும். ஆறடிக்கு ஒன்றாக மஞ்சள் பெயின்ட் வட்டம், நானே குனிந்து போட்டது. பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு நோட்டு. பெஞ்சை எடுத்துவிட்டேன், பார்சல் மட்டும். பார்க்க வந்த பஞ்சாயத்து ஆள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் டீயை வாங்கியதும் ஆட்கள் நடந்துவிடுவார்கள். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு எனக்குப் பேச்சு என்று இருந்ததே கடையில்தான். அதிலும் ஒருவனோடுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன். முப்பது வருடமாக, வேலை முடிந்ததும் வருவான். நேராக உள்ளே புகுந்து தன் டீயைத் தானே போட்டுக்கொள்வான். நான் போட்டால் சீனி கூடிப்போகுமாம். வேறு எவனையும் நான் அடுப்புப் பக்கம் விட்டதில்லை. ஊரடங்கில் எல்லைக் குறுக்கு வழிகளையெல்லாம் மண் கொட்டி அடைத்தார்கள். மூன்று மாதம் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

மண்ணை அள்ளிய மறுநாளே வந்தான். கடைமுன் நாலு பேர் நின்றார்கள். பழக்கத்தில் அவன் உள்ளே காலை வைத்தான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று கையை நீட்டி மறித்தேன்.

“எலே, வெளிய நில்லு. உள்ள ஆள் வரப்பிடாது. வட்டத்துல நின்னு பேரெழுது.”

“எனக்க பேரு ஒனக்குத் தெரியாதாக்கும்?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மந்திரி வந்தாலும் எழுதணும்.”

“நான் மந்திரி இல்லியே மக்கா,” என்றான்.

வட்டத்தில் போய் நின்றான்தான். ஏதோ சொல்ல வந்தான், மாஸ்குக்குள் கேட்கவில்லை. “சத்தமா சொல்லு,” என்றேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணுமில்ல,” என்று டீ வாங்காமலே போய்விட்டான்.

நாளை வருவான் என்று இருந்தேன். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் உச்சிக்கே கடையை அடைத்துவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். யார் வாசலிலும் போய் நின்றவன் இல்லை நான். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: “மவன் பாஸ் எடுத்துக் காரோட வந்து சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான், அண்ணே. இனி அங்கதானாம். ஒங்களுக்கிட்ட சொல்லிட்டு வாறேன்னு கடைக்கு வந்தாரில்லியா?”

அங்கேயே நின்று போன் போட்டேன்.

“ஒரு வார்த்த பறயாமப் போயிட்டியேலே.”

“நாலு பேருக்கு நடுவுல கத்திச் சொல்லுத காரியமாலே அது?” என்றான். பிறகு மகன் கூப்பிடுகிறான் என்று வைத்துவிட்டான்.

என் கடையிலிருந்து ஒருத்தருக்கும் நோய் பரவியதில்லை. இதை எல்லோரிடமும் சொல்வதுண்டு. அவனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.