ஓடையில் ஒரு சிட்டிகை மஞ்சள்

மதுரைக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் குவாரியின் கழிவுநீர் கலக்கும் ஓடை அது. கரியமில வாயுவைச் செலுத்தி அந்த நீரின் காரத்தைக் குறைக்கும் தொட்டியை அமைக்கப் போயிருந்தேன். தொட்டி சரியாக இயங்கிய அன்று, கரையில் நெல் போட்டிருந்த பாண்டியம்மாளிடம், "இனிப் பயமில்லாமப் பாய்ச்சலாம்க்கா" என்றேன்.

காரத்தை அளக்கும் என் மீட்டரை அவர் பார்க்கவில்லை. நான் வந்த ஜீப்பைப் பார்த்தார்.

"குவாரிக்காரன் வண்டியில வந்து, குவாரித் தண்ணி நல்லதுங்கிற. எப்படி நம்புறது தாயி?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டு மஞ்சள்தூளையே கொண்டுவரச் சொன்னேன். தொட்டிக்குள் போகும் நீரில் தூவியதும், சுண்ணாம்பு கலந்த ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தது. வெளியே வரும் நீரில் மஞ்சளாகவே இருந்தது.

"இன்னைக்குச் சரி. நீ போன பெறகு?"

"பெறகும் இப்படித்தான் இருக்கும்" என்றேன் எரிச்சலோடு.

சில நாள் கழித்து, மதுரை கே.கே. நகரில் என் வீட்டில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. "மஞ்சள் செவந்துருச்சு தாயி. நான் மடையை அடைச்சுட்டேன். நீ வாரதுன்னா வா."

போய்ப் பார்த்தேன். செலவை மிச்சம்பிடிக்க, குவாரியில் வாயுவை நிறுத்தியிருந்தார்கள். மடையை அடைத்ததால் நெல் தப்பியது.

இப்போதெல்லாம் எந்த ஊரில் தொட்டி அமைத்தாலும், என்னை நம்பாத ஒருவரை முதலில் தேடிப் பிடித்துவிடுகிறேன்.