அக்கா வீட்டுக்கு நான் எழுதிய நீலம்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கு நகரமைப்பு வரைபடம் தயாரித்தார்கள். எது குடியிருப்பு, எது கடை, ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று தெருத் தெருவாகப் போய் எழுதும் தற்காலிக வேலையில் நானும் இருந்தேன். குடியிருப்புக்கு மஞ்சள், கடைக்கு நீலம். ஒரு கட்டடத்துக்கு ஒரு நிறம்தான்.

எங்கள் ஊரில் இந்த வேலையைக் கார்த்திகை மாதத்தில் வைத்திருக்கவே கூடாது. தீபம் நெருங்கினால் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் முன்அறையை வெளியூர் வியாபாரிகளுக்கு விட்டுவிட்டு, குடும்பம் மொத்தமும் பின்கட்டில் முடங்கிக்கொள்ளும். பார்க்கிற இடமெல்லாம் வளையலும் பொரியும் பித்தளைப் பாத்திரமும்தான். திருவிழா முடிந்ததும் அவரவர் வீடு அவரவருக்கு. ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். ஆனால் வேலூரிலிருந்து வந்த மேலதிகாரி, கண்ணுக்குத் தெரிவதை எழுதினால் போதும் என்றார். அந்த நெரிசலில் வீடு வீடாக நுழைந்து தலை எண்ண எனக்குச் சோம்பல். முழுத் தெருவையும் கடை என்று எழுதி, குடியிருப்போர் எண்ணிக்கை கேட்ட கட்டத்தில் கோடு இழுத்தேன். அந்தத் தெருவில்தான் என் அக்கா இருந்தாள். ஒரே கிணறு, ஒரே கக்கூஸ், எட்டுக் குடித்தனம் இருந்த வாடகை வீடு. கோடு இழுத்த கையோடு அவள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டேன், வெட்கம் கெட்டவன்.

பிறகு வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு மாட்டி, ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம் என்றார்கள். அந்த எட்டுக் குடித்தனத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அக்கா வீடு நீலமாக இருந்தது. மேலதிகாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"திருத்தலாம்ப்பா. யாரு தப்பா எழுதினதுனு கேப்பாங்க, உன் பேரத்தான் சொல்லணும். வேலை பர்மனெண்ட் ஆகப்போற நேரத்துல இது உனக்குத் தேவையா?"

வாயை மூடிக்கொண்டேன். வேலை நிரந்தரமானது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்காரர் அந்த இடத்தில் லாட்ஜ் கட்ட அனுமதி வாங்கினார். மஞ்சளாக இருந்திருந்தால் கிடைத்திருக்காது. எட்டுக் குடித்தனத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்கா என்னிடம்தான் ஓடிவந்தாள். அத்தான் அந்த வீட்டு வாசலில்தான் தையல் மெஷின் போட்டிருந்தார். வீடு போனால் பிழைப்பும் போகும். ஆபீசில் சொல்லி எப்படியாவது நிறுத்தச் சொன்னாள். பார்க்கிறேன் என்றேன். அதற்குள் நான் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

பக்கத்துத் தெருக்களிலும் வீடு கிடைக்கவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஓர் அறை அமைந்தது. சாமான் ஏற்றுகிற அன்று உதவிக்குப் போனேன். அத்தான் மெஷினைத் தனியாகக் கழற்றி, யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி வண்டியில் வைத்தார். அதைப் பார்த்ததும் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அக்கா கிட்டே வந்தாள். "நீ ஏன்டா அழற? உன்னால முடிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டியா?"

முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். நான் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.